வாத்துகளின் உணவுக் குறை நோய்கள்: அறிதலும் மீட்டலும்

நீர்வளம் மிகுந்த நம் நாட்டின் கிழக்குப் பகுதியிலும் தென்மேற்குக் கடலோரத்திலும் வாத்து வளர்ப்பு நெடுங்காலமாகச் சிறு உழவர்க்கும் நிலமற்ற குடும்பங்களுக்கும் துணைத் தொழிலாக விளங்கி வருகிறது. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலிருந்த கோழியினப் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 85.18 கோடி. அவற்றுள் வாத்துகள் மட்டும் மூன்று கோடிக்கு மேல். மேற்கு வங்காளமும் அசாமும் இதில் முன்னணியில் நிற்கின்றன. கேரளத்தின் குட்டநாட்டிலும், தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த நெல் வயல்களிலும் வாத்து மேய்ப்பது பழகிய காட்சி.

பெரும் மந்தை வைத்திருப்போரை விட, வீட்டுக் கொல்லையில் ஐந்தோ பத்தோ வாத்துகளை வளர்க்கும் குடும்பங்களே எண்ணிக்கையில் மிகுதி. அத்தகைய வீட்டில் வாத்து பாதி வளர்ப்புப் பிராணி, பாதி வருவாய். பிள்ளைகள் அதற்குப் பெயரிட்டு அழைக்கிறார்கள். அது இடும் முட்டையை விற்று இல்லத்தரசி உப்பும் எண்ணெயும் வாங்குகிறாள். அந்த வாத்து நொண்டத் தொடங்கினால், ‘வாதம் கண்டுவிட்டது’ என்று எண்ணி அதை அறுத்துவிடுவதோ, அற்ப விலைக்குத் தள்ளிவிடுவதோ வழக்கமாக இருக்கிறது. ஆனால், இவ்வாறு கைவிடப்படும் பறவைகளுள் ஒரு பகுதி, சரியான உணவு கிடைத்திருந்தால் மீண்டிருக்கக் கூடியவை. எந்த நோய் உணவால் வந்தது, எது தொற்றால் வந்தது, எதை மீட்க இயலும், எதை இயலாது என்பதைக் கால்நடைத் துறை மாணவரும் ஊரக வளர்ச்சி அலுவலரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

மேய்ச்சல் வாத்தும் அடைப்பு வாத்தும்

வாத்து தன் போக்கில் மேயும்போது உணவுக் குறை நோய் அரிதாகவே காணப்படும். வயலில் அது சிந்திய நெல்லை மட்டும் உண்பதில்லை. நத்தை, புழு, பூச்சி, சிறு மீன், பாசி, இளம் புல் ஆகிய அனைத்தையும் தன் அகன்ற அலகால் சேற்றிலிருந்து அரித்தெடுத்து உண்கிறது. நெல்லிலிருந்து மாவுச்சத்தும், நத்தையிலிருந்து புரதமும் சுண்ணச்சத்தும், பாசியிலிருந்தும் புல்லிலிருந்தும் வைட்டமின்களும் கிடைக்கின்றன. இயற்கையே ஒரு சமச்சீர் உணவைப் பரப்பி வைத்திருக்கிறது.

அடைத்து வளர்க்கும்போது நிலை மாறுகிறது. மழைக்காலத்தில் வயல்கள் நீரில் மூழ்கும்போதும், நாற்று நட்ட வயலில் மேய்க்க இயலாதபோதும், வாத்து கொட்டகைக்குள் இருக்க நேர்கிறது. நகரங்களில் ஆசைக்காக வாத்து வளர்ப்போர் வீட்டில் அது எப்போதுமே அடைபட்டிருக்கிறது. அப்போது அதற்குக் கிடைப்பது எது? பெரும்பாலும் குருணை, பழைய சோறு, மக்காச்சோளம், ரொட்டித் துண்டு. இவை வயிற்றை நிரப்புகின்றன; உடலைக் கட்டுவதில்லை. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் புரதம் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்குதான். வளரும் வாத்துக் குஞ்சின் தீவனத்திலோ நூற்றுக்கு 20 பங்கு புரதம் தேவை. பாதிக்கும் குறைவான புரதத்தில் ஒரு குஞ்சு எவ்வாறு எலும்பும் இறகும் வளர்க்க இயலும்?

உயரின வாத்துகளில் இக்குறை விரைவில் வெளிப்படுகிறது. இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட காக்கி கேம்பல் இனம் நல்ல பராமரிப்பில் ஆண்டொன்றுக்கு 300 முட்டை வரை இடக்கூடியது. ஆனால், அந்த அளவுக்கு முட்டையிடும் உடலுக்கு அந்த அளவுக்கு உணவும் வேண்டும். இனத்தை மட்டும் கொடுத்து, தீவன அறிவைக் கொடுக்காமல் விடுவது, விதையைக் கொடுத்து நீரை மறுப்பதற்கு ஒப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

குட்டநாட்டில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கடன் பெற்று இருபது வாத்துக் குஞ்சுகளை வாங்கியிருக்கிறார்கள். வெளியே மழை, குஞ்சுகள் கூடைக்குள். அரைத்த மக்காச்சோளமும் குருணையும் தண்ணீரில் குழைத்துக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் குறையொன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் நான்கு குஞ்சுகள் நடக்கத் தயங்குகின்றன. உணவுத் தட்டு வரை வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கால் மூட்டு பருத்திருக்கிறது. கால்கள் வில் போல் வளையத் தொடங்கியிருக்கின்றன. உண்ண விருப்பம் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஒன்றும் இறக்கவில்லை. அக்கம்பக்கத்தார், “இவற்றைத் தள்ளிவிடுங்கள், மற்றவற்றுக்கும் பரவிவிடும்” என்கிறார்கள்.

இது பரவும் நோயன்று. இருபது குஞ்சுகளும் ஒரே தட்டில் உண்டவை. எனவே, இருபதும் ஒரே குறைக்கு ஆளானவை. விரைவாக வளரும் நான்கில் அது முதலில் தெரிந்திருக்கிறது, அவ்வளவே. அந்த நான்கைத் தள்ளிவிட்டால் அடுத்த வாரம் வேறு நான்கு உட்காரும். தீவனத்தை மாற்றினால் பதினாறும் தப்பும். நான்கில் சிலவும் மீளும். அக்குடும்பம் கடனை அடைப்பதும் அடைக்காமற் போவதும் இந்த ஒரு முடிவைப் பொறுத்திருக்கிறது.

நயாசின் குறை

மேற்கண்ட குஞ்சுகளின் நோய்க்கு முதன்மைக் காரணம் பெரும்பாலும் நயாசின் என்னும் பி-தொகுதி வைட்டமினின் குறைவு. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் கான்ராட் எல்வேஜெம், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிக்கோடினிக் அமிலத்தால் குணப்படுத்திக் காட்டினார். மனிதருக்கு வரும் பெல்லக்ரா நோயும் இதே குறையால் வருவது என்பது அதன் வழியே தெளிவாயிற்று. மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடையிலும், நம் நாட்டில் தக்காணத்துச் சோளம் உண்போரிடையிலும் பெல்லக்ரா காணப்பட்டது.

வாத்துக்கு இவ்வைட்டமின் கோழியை விட மிகுதியாகத் தேவை. விலங்குகளின் உடல், டிரிப்டோபேன் என்னும் புரதக் கூறிலிருந்து ஓரளவு நயாசினைத் தானே செய்துகொள்ளும். வாத்தின் உடலில் இம்மாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே நடைபெறுகிறது. எனவே, வளரும் வாத்தின் தீவனம் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 55 மில்லிகிராம் நயாசின் இருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். கோழிக் குஞ்சுக்கோ 27 முதல் 35 மில்லிகிராம் போதும். கோழித் தீவனத்தையே வாத்துக் குஞ்சுக்கும் கொடுப்போர் இந்த வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரு கிலோ மக்காச்சோளத்தில் நயாசின் சுமார் 24 மில்லிகிராம் உண்டு. அதிலும் பெரும்பகுதி பிற பொருள்களுடன் கட்டுண்டு, உடலுக்குப் பயன்படாத நிலையில் உள்ளது. உலர்ந்த ஈஸ்ட் ஒரு கிலோவில் சுமார் 450 மில்லிகிராம் உண்டு. எனவே, ஒரு கிலோ தீவனத்தில் 50 கிராம் ஈஸ்ட்டைக் கலந்தால் ஏறத்தாழ 22 மில்லிகிராம் நயாசின் கூடுகிறது. அரிசித் தவிடு, மீன் தூள் ஆகியனவும் துணை செய்யும். மலிவான பொருள்களைக் கொண்டே குறையைப் போக்கலாம் என்பதற்கு இக்கணக்கே சான்று.

தயமின் குறை

தவிடு நீக்கிய அரிசியை மட்டும் உண்ணும் பறவைக்கு நரம்புத் தளர்ச்சி நோய் வரும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்ட செய்தி. 1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசிச் சோறு உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தபோது அவை எழுந்து நடப்பதையும் கண்டார். தயமின் என்று பின்னாளில் பெயர் பெற்ற பி-1 வைட்டமினைப் பற்றிய ஆராய்ச்சி இங்கிருந்தே வளர்ந்தது. ஐக்மனுக்கு 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசு, பிரெடெரிக் ஹாப்கின்ஸுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

தயமின் குறைந்த வாத்து பசியிழந்து மெலியும், கால்கள் தளரும், முற்றிய நிலையில் கழுத்து பின்னோக்கி வளைந்து, தலை வானை நோக்கித் திரும்பி நிற்கும். இக்குறைக்கு மற்றொரு காரணமும் உண்டு. சில நன்னீர் மீன்களின் பச்சைத் தசையில் தயமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அடைத்து வைத்த வாத்துகளுக்கு நாள்தோறும் பச்சை மீன் கழிவையே கொடுத்து வந்தால், மற்ற உணவிலுள்ள தயமினும் வீணாகிவிடும். மீனை வேகவைத்துக் கொடுத்தால் அந்நொதி அழிந்துவிடும். தயமின் குறை, உரிய நேரத்தில் அறியப்பட்டால், மிக விரைவில் குணமாகக் கூடியது. மருந்து கொடுத்த சில மணி நேரத்திலேயே பறவை தலை நிமிர்வதுண்டு.

வைட்டமின் ஏ, சுண்ணச்சத்து

பசுமையே காணாத வாத்துக்கு வைட்டமின் ஏ குறையும். கண்ணில் நீர் வடிதல், இமைகள் ஒட்டிக்கொள்ளுதல், வளர்ச்சி குன்றுதல் ஆகியன இதன் அறிகுறிகள். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, அசோலா, மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவை இக்குறையைத் தீர்க்கும். கீரையை நறுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் வாத்து விரும்பி உண்ணும்.

முட்டையிடும் வாத்தின் தீவனத்தில் சுண்ணச்சத்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருத்தல் வேண்டும். குறைந்தால் முதலில் ஓடு மெலியும். பின்னர்த் தோல் முட்டை வரும். இறுதியில் பறவை தன் எலும்பிலிருந்தே சுண்ணத்தை எடுத்துச் செலவிட்டு நடக்க மாட்டாமல் சாயும். கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்தால், வேண்டிய பறவை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். அதையே குஞ்சுகளின் தீவனத்தில் மிகுதியாகக் கலப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைட்டமின் டி இன்றிச் சுண்ணம் உடலில் சேராது. ஆகவே, நாள்தோறும் சிறிது நேரம் வெயில் படுதல் இன்றியமையாதது.

பூஞ்சை நஞ்சு

குறைந்த உணவைப் போன்றே கெட்ட உணவும் கேடு விளைவிக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சையே காரணம் என ஆய்வில் தெரிந்தது. அப்பூஞ்சையின் நஞ்சு அஃப்ளாடாக்சின் எனப் பெயர் பெற்றது. இந்நஞ்சால் மிக எளிதில் தாக்கப்படுவது வாத்துக் குஞ்சு. அதனாலேயே, ஒரு பொருளில் இந்நஞ்சு உள்ளதா என்று அறிய ஆய்வாளர்கள் தொடக்க காலத்தில் ஒருநாள் வயதுடைய வாத்துக் குஞ்சுகளையே சோதனைக்குப் பயன்படுத்தினர்.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் அண்டை மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மக்களே ஈரல் நோய்க்கு ஆளாகி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மனிதர்க்கு ஆகாததைப் பறவைக்குப் போடும் வழக்கம் எத்துணைத் தீமையானது என்பதை இது உணர்த்தும். இந்நஞ்சு கழுவினாலும் போகாது. சமைக்கும் வெப்பத்தில் முழுதும் அழியாது. ஈரம் பட்ட பிண்ணாக்கு, கட்டி பிடித்த தவிடு, நிறம் மாறிய தானியம் ஆகியவற்றை எறிந்துவிடுவதே வழி. வாத்துக் குஞ்சுக்கு நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தவிர்த்துச் சோயாப் பிண்ணாக்கைப் பயன்படுத்துவது நலம்.

தொற்று நோயிலிருந்து பிரித்தறிதல்

அலுவலர் முதலில் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. எத்தனை பறவைகள், எத்தனை நாளில் நோயுற்றன? இறப்பு உண்டா? வயது என்ன? கடந்த ஒரு மாதம் உண்டது என்ன?

உணவுக் குறை மெல்லத் தலைகாட்டும். ஒரே தீவனம் உண்டவற்றில், பெரும்பாலும் வளரும் வயதில், வாரக் கணக்கில் பெருகும். வாத்துப் பிளேக், பறவைக் காய்ச்சல் போன்ற தொற்றுகளோ ஓரிரு நாளில் பலவற்றைச் சாய்க்கும். திடீர் இறப்பு, கழிச்சல், வெளிச்சத்தைக் கண்டு கூசுதல், வலிப்பு ஆகியன உடன் வரும். 2014ஆம் ஆண்டின் இறுதியில் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் கண்டு ஏராளமான வாத்துகள் அழிக்கப்பட்டதை மறக்கலாகாது. திடீர் இறப்பு நேர்ந்தால் உணவை ஆராய்ந்து காலங்கடத்தாமல், இறந்த பறவையைக் கையால் தொடாமலும் அறுத்துப் பாராமலும், கால்நடை மருத்துவ நிலையத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது.

மற்றொரு வேறுபாடும் நினைவிற்கொள்ளத்தக்கது. தயமின் குறையில் கழுத்து விறைத்துப் பின்னோக்கி வளையும். அழுகிய குட்டையில் இருந்த நஞ்சை உண்டால் வரும் பொட்டுலிசம் நோயில் கழுத்து வலுவிழந்து தொங்கும். முன்னதற்கு வைட்டமின், பின்னதற்குக் குட்டையிலிருந்து உடனே விலக்கித் தூய நீர் கொடுத்தலும் மருத்துவரை நாடுதலும்.

மீட்கும் முறை

உணவுக் குறை என்று தெளிந்தபின் செய்ய வேண்டியவை வருமாறு:

1. நோயுற்ற பறவையை நெரிசலிலிருந்து பிரித்து, மற்றவை கண்ணில் படும் இடத்தில் வைத்தல் வேண்டும். வாத்து கூட்டமாக வாழும் பறவை. தனிமையில் அது உண்ணாது.

2. தரையில் வைக்கோலோ உமியோ தடிமனாகப் பரப்ப வேண்டும். வழுக்கும் தரையில் தளர்ந்த கால்கள் பக்கவாட்டில் விரிந்துவிடும். சிறு குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சுமார் மூன்று டிகிரி குறைக்கலாம்.

3. பழைய தீவனம் முழுவதையும் நிறுத்தி, கீழே கூறும் கலவையைக் கொடுத்தல் வேண்டும். மீளும் காலத்தில் கிலோவுக்கு 50 கிராம் என்னும் அளவில் ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். மருத்துவர் கூறும் அளவில் பி-தொகுதி வைட்டமினைக் குடிநீரில் நாள்தோறும் புதிதாகக் கலக்க வேண்டும்.

4. வாத்துக்கு உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் ஒட்டும். நீர் தெளித்துப் பிசைந்த தீவனமே ஏற்றது. தீவனத்துக்கு அருகில் எப்போதும் நீர் வேண்டும். வளர்ந்த வாத்து தலையை முழுதும் அமிழ்த்தும்படி 12.5 முதல் 15 செ.மீ. ஆழமும், நலிந்த குஞ்சுக்கு அது மூழ்காத ஆழமும் இருத்தல் வேண்டும். எழ இயலாத பறவைக்குத் தட்டையும் நீரையும் அலகுக்கு எட்டும்படி வைத்தல் வேண்டும்.

5. வெதுவெதுப்பான நீருள்ள தொட்டியில் நாளுக்கு இரு முறை சில நிமிடம், கண்காணிப்புடன், மிதக்கவிடலாம். உடலின் எடையை நீர் தாங்குவதால் கால்கள் வலியின்றி அசையும். எடுத்தவுடன் நன்றாகத் துடைத்து உலர்த்துதல் வேண்டும்.

6. வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். நடை மீள்வதற்கு முன்பே எடை கூடுவது நல்ல அறிகுறி.

மருத்துவர் கூறாமல் எதிருயிரி மருந்து கொடுத்தல் கூடாது. அது இக்குறையைத் தீர்க்காது.

ஓர் உண்மையையும் மறைத்தல் தகாது. தொடக்கத்தில் கண்டறியப்பட்ட குஞ்சு சில நாளில் எழுந்து நடக்கும். ஆனால், வளைந்து இறுகிவிட்ட எலும்பு மீண்டும் நிமிராது. மூட்டிலிருந்து நழுவிய தசைநார் வைட்டமினால் தன்னிடம் திரும்பாது. அத்தகைய பறவை வலியின்றி உண்டு உலவுமானால் வீட்டில் வைத்துக் காக்கலாம். இயலாவிடில் அதன் துன்பத்தை நீட்டிக்காமல் மருத்துவரின் அறிவுரைப்படி முடிவு செய்தலே அறம். முதல் அறிகுறிக்கும் இந்த நிலைக்கும் இடையே சில நாள்களே உள்ளன. அந்த நாள்களே மிக மதிப்புடையவை.

குஞ்சுகளுக்கான தீவனக் கலவை

நூறு கிலோ கலவைக்கு: மஞ்சள் மக்காச்சோளம் 46 கிலோ, புதிய அரிசித் தவிடு 20 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 22 கிலோ, உப்புக் குறைந்த மீன் தூள் 6 கிலோ, உலர்ந்த ஈஸ்ட் 3 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, கிளிஞ்சல் தூள் 1 கிலோ. இதில் புரதம் நூற்றுக்குச் சுமார் 20 பங்கு அமையும். நயாசினைக் கூட்டிப் பார்த்தால், தானியத்திலும் தவிட்டிலும் கட்டுண்டுள்ள பகுதிக்கு இடம் விட்டும், தேவையான அளவை எட்டப் போதியதாக இருக்கும். தவிடு சில நாளிலேயே காறிப்போகும் இயல்புடையது; ஆகையால், சிறு அளவில் அவ்வப்போது வாங்குவதே முறை.

காக்கி கேம்பல் வாத்து இருபது வார வயது வரை சுமார் 12.5 கிலோ தீவனம் உண்ணும். அதன்பின் நாளொன்றுக்கு 120 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். மேய்ச்சல் கிடைக்கும் காலத்தில் இச்செலவு குறையும். எந்த மாதத்தில் மேய்ச்சல் உண்டு, எந்த மாதத்தில் இல்லை என்பதைக் கணக்கிட்டு, இல்லாத மாதங்களின் தீவனச் செலவைக் கடன் தொகையிலேயே சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

முடிவுரை

வாத்துக் குஞ்சுகளை வழங்கும் திட்டத்தின் வெற்றியை வழங்கப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. ஆறு மாதம் கழித்து எத்தனை வாத்துகள் முட்டையிடுகின்றன என்பதே சரியான அளவுகோல். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. குஞ்சுகளுடன் அந்த வட்டார மொழியில் அச்சிட்ட தீவன அட்டை ஒன்று, முதல் மாதத்துக்கு வேண்டிய ஈஸ்ட்டும் தாது உப்பும் அடங்கிய பொட்டலம் ஒன்று, கால்கள் தளரத் தொடங்கும் மூன்றாம் வாரத்தில் ஊழியர் ஒருவரின் வருகை ஒன்று: இம்மூன்றும் சேர்ந்தால் வீணாகும் குஞ்சுகளில் பலவற்றைக் காக்கலாம்.

கொல்லையில் உட்கார்ந்துவிட்ட ஒரு வாத்தைக் கண்டால் அதன் காலைப் பார்ப்பதற்கு முன் அதன் தட்டைப் பார்க்கும் பழக்கம் அலுவலர்க்கு வரவேண்டும். பல வேளைகளில் நோயின் காரணம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அதைத் தீர்க்கும் மருந்தும் அங்கேயே தொடங்குகிறது.